தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை

வேப்பனப்பள்ளி
22-3-2025

அன்பு அண்ணாவுக்கு,

உன் பையன் ஜெகதீஷுக்கு அம்மை போட்டிருக்கிறதென்று பால் வண்டி சென்றாயன் சொன்னான். பாவம், பச்சைப் பிள்ளை. அவனிடமே வேப்பிலை கொடுத்தனுப்பியிருக்கிறேன். போனில் உன்னோடு பேசினால் உன் மாப்பிள்ளை இன்னமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். உனக்கு நான் கிட்னி கொடுத்தது அவருக்கு ஆறவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்று மட்டும் கேள். ஆத்தா வந்திருக்கிற வீட்டில் யாரும் மருந்து மாத்திரை தொடக் கூடாது. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை உன் மாத்திரையை எடுத்து மேலே வைத்துவிடு. எனக்காகச் செய் அண்ணா.

உன் தங்கை
சரிதா

மூக்கண்டப்பள்ளி
25-3-2025

பாப்பா,

வேப்பிலை வந்தது. பையன் சொறிந்து சொறிந்து அழுகிறான். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

மாத்திரை விஷயம்தான் உதறலாக இருக்கிறது. கிட்னி வைத்த அன்றைக்கே டாக்டரம்மா சொன்னார்: "உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்குதுங்க. கிருமி வந்தா அடிச்சுத் தொரத்தும். தங்கச்சி குடுத்த கிட்னின்னு அதுக்குத் தெரியுமா? வெளியாளுன்னு அதையும் அடிக்கும். அந்தக் காவலை அடக்கி வெக்கத்தான் இந்த மாத்திரை. ஒரு வேளைகூட உடாதீங்க." உன் அண்ணியும் அதையே சொல்லிச் சண்டை போடுகிறாள்.

ஆனால் நீ இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதே இல்லையே. உன்னுடையதை வயிற்றில் வைத்துக்கொண்டு உனக்கு எப்படி மாட்டேன் என்பேன்? நேற்றோடு நிறுத்திவிட்டேன்.

ராஜ்குமார்

வேப்பனப்பள்ளி
12-4-2025

அண்ணா,

பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றாமே! மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன். நான் சொன்னேனா இல்லையா? மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டாய்தானே? உன் முகம் வீங்கியிருக்கிறதென்று சென்றாயன் என்னவோ உளறுகிறான். வெயிலாகத்தான் இருக்கும். ஒரு வரியாவது எழுதேன்.

சரிதா

மூக்கண்டப்பள்ளி
3-5-2025

சரிதா,

வெயில் இல்லை. மாத்திரையை மறுபடி போட்டும் அந்தக் காவல் அடங்கவில்லை. ஊசி மேல் ஊசி போட்டுப் பார்த்தார்கள். நீ கொடுத்தது போய்விட்டது. இனிமேல் செவ்வாயும் வெள்ளியும் ஓசூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

"யாருங்க நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டரம்மா கத்தினார். நானாகத்தான் நிறுத்தினேன் என்றேன். உன் அண்ணி என்னை முறைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

உன் மேல் கோபமா என்றால், இருக்கிறது. என் மேல் அதைவிட இருக்கிறது. கொஞ்ச நாள் வராதே. நீ அழுதால் நான்தான் தேற்ற வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பில்லை.

ராஜ்குமார்

வேப்பனப்பள்ளி
17-5-2025

அண்ணா,

பழியை நீயே ஏற்றுக்கொண்டால் ஆயிற்றா? டாக்டரம்மாவைப் பார்த்தேன். "நான்தாங்க நிறுத்தச் சொன்னேன், எங்கிட்ட இருக்கிற இன்னொரு கிட்னியையும் எடுத்து அண்ணனுக்கு வெச்சிருங்க" என்றேன். "அப்புறம் நீ எப்படிம்மா உயிரோட இருப்பே?" என்று கேட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

உன் மாப்பிள்ளையிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். இப்போது அவரே என்னை ஓசூர் பஸ் ஏற்றிவிடுகிறார்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் ரூமுக்கு வெளியே, கடைசி பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பது நான்தான். நீ இரண்டு தடவை என்னைக் கடந்து போய்விட்டாய். உள்ளே வர மாட்டேன், அழவும் மாட்டேன். கூப்பிடத் தோன்றும்போது கூப்பிடு.

சரிதா