கடி ஆறிவிட்டது என்றீர்கள்

அத்திம்பேர்,

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு ஒரு நோயாளியிடம் போய்க்கொண்டிருந்தபோதுதான், நீங்கள் போய்விட்டீர்கள் என்று என் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னான். தூக்கத்திலேயே பிராணன் போயிற்றாம். புண்ணியம் செய்தவர் என்று மயிலாப்பூரே பேசுகிறதாம். அவன் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு உலர்ந்துவிட்டது. வேறொன்று நனைத்துக்கொண்டேன்.

காலேஜில் பௌதிகம் நடத்தியவர் நீங்கள். மழைக்கால மாலைகளில் கடிகாரத்தோடு மொட்டைமாடியில் நின்று, மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவீர்கள். "சத்தம் இன்னும் வரலைன்னா மின்னல் வெட்டலைன்னு அர்த்தமா? வந்துண்டிருக்குன்னு அர்த்தம்." மழை நின்று சில நாள் கழித்துக் கிணறு ஊறுவதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருந்தீர்கள். உங்கள் மனைவி, என் அக்கா, வாய் பிளந்து கேட்பாள். நானும்தான்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் காலியான அந்தச் சித்திரையில், தெருவில் மிஞ்சியது நாமும், ஊரார் விட்டுப்போன நாய்களும். அதில் ஒன்று வடக்கு மாட வீதியில் அக்காவின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு எங்கோ ஓடிப்போனது. உடனே வயிற்றில் ஊசி போட்டாக வேண்டும் என்றார் டாக்டர். நீங்கள் சிரித்தீர்கள். "தெருவுல திரியற நாய்க்கெல்லாம் வெறியா? சோப்புப் போட்டு அலம்பு, போறும்." சித்திரை முடிவதற்குள் புண் ஆறிற்று. "பாத்தேளா, ஆறிடுத்து. என்னமா பயமுறுத்தினான் அந்த டாக்டர்!" என்று வந்தவர்களிடமெல்லாம் அவள் காலைக் காட்டச் சொன்னீர்கள்.

ஆனியில் ஒரு நாள், தழும்பு குறுகுறுக்கிறது என்றாள். மறுநாள் நான் நீட்டிய தண்ணீரைப் பார்த்து அலறினாள். "எடுத்துண்டு போடி, எடுத்துண்டு போ!" தாகத்தில் உதடு வெடித்திருந்தது. அந்தத் தாகத்தோடே போனாள். "தலையெழுத்து" என்றீர்கள். இடி வானத்தில் இடித்தால் விஞ்ஞானம், உங்கள் வீட்டில் விழுந்தால் தலையெழுத்து!

நான் நர்ஸாகச் சேர்ந்தபோது, "ஊரான் புண்ணைத் தொடறதுக்கா நம்மாத்துப் பொண்ணு?" என்று கேட்டதும் நீங்களே. சில வருஷம் கழித்து, மூச்சிரைக்க என் முன்னால் வந்து நின்றீர்கள். நாய்க்குட்டி ஒன்று விரலில் பல் பதித்துவிட்டதாம். "கீறல்தான். ஆனாலும் எதுக்கு நாள் கடத்தணும்? இன்னிக்கே ஆரம்பிச்சுடும்மா."

வெட்கம் தெரிகிறதா என்று முகத்தைப் பார்த்தேன். வலிக்குமோ என்ற பயம்தான் தெரிந்தது. ஒரு நாள் தவறாமல் வந்து, "மெதுவா, மெதுவா" என்று முனகி, எல்லா ஊசியும் போட்டுக்கொண்டீர்கள். அக்கா பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. தெரியாமல் செய்தவரென்றால் என்றோ மன்னித்திருப்பேன். மின்னல் வெட்டினால் இடி பின்னால் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்காக அதை நினைத்துப் பார்க்கத்தான் உங்களுக்கு மனமில்லை.

நேற்று ஊரூர் குப்பத்துப் பெண் ஒருத்தி, நாய் கடித்த கையோடு வந்தவள், "அதான் ஆறிப்பூட்ச்சே, இன்னாத்துக்கும்மா ஊசி?" என்று எழுந்து போகப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். வலிக்கிறது, விடு என்று திட்டினாள். விடவில்லை. உங்களால் எனக்கு வந்தது அந்தப் பிடி ஒன்றுதான். அதையும் அக்காவுக்காகத்தான் வைத்திருக்கிறேன்.