ஆறு மணிச் சாப்பாடு

மார்ச் 3, திங்கள்
என் வீட்டுக்காரர் வீபேயின் எடை 53.1 கிலோ. தொண்டைப் புற்றுக்கு முப்பத்துமூன்று தடவை கதிர்வீச்சு கொடுத்து முடித்து ஆறு வாரம். மனுஷன் இன்னும் இளைத்துக்கொண்டே போகிறார். இருபத்தொன்றாம் தேதிக்குள் 54 தொடவில்லையென்றால் மறுபடி மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய். "இன்னொரு தடவை அதைச் சொருகவிட மாட்டேன், ரின்ஸ்கே. அதுக்குச் செத்துடலாம்" என்றார். பேச்சைப் பார்! பேச மட்டும் வாய் இருக்கிறது.

மார்ச் 5
நாத்தனார் சீத்ஸ்கே பச்சைச் சாற்றோடு வந்தாள். "அண்ணி, சர்க்கரையும் வெண்ணெயும் புத்துக்குத் தீனி போடுறதுங்க. நான் படிச்சேன்." எங்கே படித்தாளாம்? முடிவெட்டும் கடைப் பத்திரிகையில்! வெண்ணெய், பாலேடு, எது இறங்குதோ கொடுங்கள் என்று உணவு ஆலோசகர் எழுதியே தந்திருக்கிறார். இவள் பெரிய டாக்டர். சாற்றைச் சாக்கடையில் ஊற்றினேன்.

மார்ச் 7
காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, மாலை ஆறுக்குச் சூடான சாப்பாடு. ஊரே அப்படித்தானே சாப்பிடுகிறது? உருளைக்கிழங்கை மசித்து, பாலேடு சேர்த்து, இறைச்சிக் குழம்பு ஊற்றி வைத்தேன். மூன்று கரண்டி. எச்சில் ஊறாத வாய்க்கு ரொட்டி மணலாம், இது களிமண்ணாம். சின்னப்பிள்ளை தோற்றது போ.

மார்ச் 8
52.8.

மார்ச் 10
பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. சீத்ஸ்கேயை உட்காரவைத்துவிட்டுப் போனேன் — வேறு நாதியில்லை. காலை ஒன்பதரைக்குத் திரும்பினால் வீபே முன்னால் காலித் தட்டு. நேற்றைய மசியலைச் சூடாக்கிக் கொடுத்திருக்கிறாள். காலங்கார்த்தால உருளைக்கிழங்கு!

"அறிவிருக்காடி உனக்கு?"

"சாயங்காலம் ஆனா அண்ணனுக்குத் தெம்பே இல்லை, வாயும் காஞ்சுபோயிடுது. காலையிலதான் நல்லா இருக்கார். நீங்க கேட்டீங்களா அண்ணி?"

கேட்கலை. ஏழு வாரமா கேட்கவே இல்லை.

"நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று வீபேயைப் பிடித்துக்கொண்டேன்.

"காலையில யாரு சூடா சமைப்பா?" என்றார், ஏதோ தப்பு பண்ணினவர் மாதிரி.

இரண்டு பேரையும் மடையர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே — என்னைவிட மடச்சி உண்டா? அடுப்படியில் போய் அழுதேன்.

மார்ச் 21, வெள்ளி
54.1. குழாய் வேண்டாமாம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன், காலை எட்டு மணிக்கே எங்கள் வீட்டில் குழம்பு கொதித்தது. எங்கள் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. எதிர்வீட்டு பௌமா அம்மாள் காப்பிக் கோப்பையோடு நின்று வாயைப் பிளந்தாள். பிளக்கட்டும். வீபே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாதியில் சீத்ஸ்கே வந்து நின்றாள், சொல்லாமல் கொள்ளாமல். இந்த ஊரில் அப்படி வந்தவர்களுக்குத் தட்டு வைக்கும் வழக்கமில்லை. "அப்புறமா வரேன் அண்ணி" என்று திரும்பினாள்.

"உட்காருடி" என்று ஒரு தட்டு வைத்தேன்.