பிக்கப் உறுமவில்லை, அழுதது

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

போனில் கத்துகிறேன் என்று கோபித்துக்கொண்டாயே, அதனால் எழுதுகிறேன். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? குட்டிக்கு இருமல் நின்றதா?

பெரிய டர்போ மாட்டிய பிக்கப் ஒன்று பட்டறைக்கு வந்தது. இழுவை போதவில்லை என்றார் வண்டி ஓனர். டீசல் சற்று முந்திப் பாய்ந்தால் இழுவை கூடும் என்று பம்பைத் திருப்பினேன். ஆசையில் கூடுதலாகவே திருப்பிவிட்டேன். இன்ஜின் கடகடவென்று தட்டியது. அவருக்கோ ஒரே குஷி.

"சிங்கம் மாதிரி உறுமுதுப்பா! சாவியக் குடு."

"உறுமல, அழுவுதுங்க. இப்படியே ஓட்டினா பிஸ்டன் போயிடும்."

சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கத்தினார். பயப்படாதே, கத்தல் மட்டும்தான். பம்பை மயிரிழை அளவு பின்னுக்குத் திருப்பினேன். மறுபடி கிளப்பி, ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். தட்டல் இல்லை. சாவியைக் கொடுத்தேன். வண்டியைச் சுமையோடு மேட்டில் ஏற்றிப் பார்த்து வந்தவர், தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். காதுவரை இறங்குகிறது.

நம் ஸ்கூட்டரில் ஏதோ சத்தம் என்றாயே, யாரிடமும் விடாதே. காலையில் கிளப்பும்போது போனில் பதிந்து அனுப்பு. குட்டியை நீ அதட்டுவதும் சேர்ந்தே விழட்டும்.

முதலாளி கூப்பிடுகிறார். ஸ்கூட்டர் தானாகச் சரியாகிவிட்டாலும் அனுப்பிக்கொண்டே இரு.

உன் கத்தல்காரன்