ஜெய்சல்மேரில் நாங்கள் விருந்தாளிகள்

ஒக்டோபர் 14

கடைசி விருந்தாளிகளும் இன்று காலை போய்விட்டார்கள். காற்றுப் பருவம் முடிந்தது. இனி டிசம்பர் வரை, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கி ஓடுகிற வெள்ளைக்காரர்கள் கண்டக்குழிப் பக்கம் வரமாட்டார்கள். நானும் யூஜீனியாவும் நான்கு அறை விரிப்புகளையும் கழுவிக் கொடியில் போட்டோம். பக்கத்து வளவுக்காரி அவள். எங்கள் லொட்ஜ் தொடங்கிய நாள் முதல் என்னோடு குசினியில் சமையலுக்கு நிற்கிறவள்.

பின்னேரம் அந்தக் கொழும்பு மனிதர் மறுபடியும் வந்தார். லொட்ஜைத் தென்னைகளோடு சேர்த்து வாங்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் இன்ஷாப் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, வாகனம் வரைக்கும் போய் அனுப்பிவைத்தார். அதிலேயே தெரிந்துவிட்டது, இன்ஷாப்பின் மனம் சாய்ந்துவிட்டதென்று. முழங்கால் நோகிறதாம். தண்ணீர் மோட்டார் அடிக்கடி பழுதாகிறதாம். வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே வாய் நோகிறதாம்.

நான் ஏலாது என்றேன். ஓலைக் கொட்டிலாக இருந்த காலத்தில் முதல் சோறு ஆக்கிப் போட்டது நான். இதை எப்படி விற்பது?

பிறகு கோபத்தில் ஒன்று சொல்லிவிட்டேன்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் படுக்க இடம் குடுத்தம். நாங்க ஒரு நாளாவது வேற ஒருத்தர்ட லொட்ஜில படுத்திருக்கமா? முதல்ல என்ன எங்கயாவது கூட்டிப் போங்க. அதுக்குப் பிறகு விக்கிற கதையக் கதைப்பம்."

சும்மா வாயில் வந்ததுதான். ஆனால் அவர், எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டார். ஜெய்சல்மேர் என்றேன். போன வருடம் ஒரு ஜெர்மன்காரி ராஜஸ்தானிலிருந்து நேரே இங்கே வந்தாள். சாப்பாட்டு மேசையில் போனை நீட்டிப் படம் படமாகக் காட்டினாள். மணலுக்கு நடுவே, மணலின் நிறத்திலேயே ஒரு கோட்டை. மீன் ஆறுவது கூடத் தெரியாமல் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்கட கற்பிட்டியில ஒல்லாந்தர்ட கோட்டை இல்லையா? மணல் இல்லையா? ஒட்டகம் மட்டும்தான் இல்ல. அதுக்குத்தான் கழுதை இருக்கே" என்றார்.

ஆனாலும் கொழும்பில் வேலை செய்கிற மகள் றிப்னாவுக்கு அப்போதே போன் எடுத்தார். அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இங்கே கேட்டது.

ஒக்டோபர் 26

விசா வந்துவிட்டது. எங்களிடம் ஒரு பயணப் பெட்டி கூட இல்லை என்பது இன்றுதான் தெரிகிறது. யாரோ ஒரு விருந்தாளி இழுத்துப்போகிற சில்லு உடைந்ததென்று விட்டுப்போன பெட்டியை இன்ஷாப் திருத்திக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 7 — ஜெய்ப்பூர்

நேற்று டில்லி வரை விமானம், அங்கிருந்து ரயில். பெட்டியின் சில்லு டில்லியிலேயே கழன்றுவிட்டது. இன்ஷாப் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அவருடைய வாப்பா மீன் கூடை சுமந்த மாதிரியே!

விடிய எழும்பி சுபஹு தொழுததும் பழக்கதோஷத்தில் குசினியைத் தேடினேன். தேங்காய் திருவ வேண்டும், ரொட்டிக்கு மா குழைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன். என்ன செய்வது? ஒன்றுமே செய்யத் தெரியவில்லை.

ஹவா மஹால் பார்த்தோம். முகப்பு முழுக்கச் சின்னச் சின்ன ஜன்னல்கள். அரண்மனைப் பெண்கள் வெளியே தெரியாமல் அங்கிருந்துதான் வீதியைப் பார்ப்பார்களாம். நானும் ஒரு ஜன்னலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன். கீழே இன்ஷாப் ஒரு வளையல்காரனோடு சினிமா ஹிந்தியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ராணிகளுக்கு நன்றாகவே பொழுது போயிருக்கும்.

பின்னேரம் ஆம்பேர் கோட்டை. சுவரெல்லாம் கண்ணாடித் துண்டு பதித்த ஒரு மண்டபம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இதை யார் துடைப்பது என்று நான் யோசித்தேன்.

நவம்பர் 8

இன்று நான் ஒன்றுமே செய்யவில்லை. தேத்தண்ணி கூட யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். எவ்வளவு நல்லாயிருக்கிறது!

நவம்பர் 9 — ஜோத்பூர்

மலை உச்சியில் கோட்டை, அதன் காலடியில் நீல நிற வீடுகள். மேலேயிருந்து பார்க்க, கண்டக்குழியில் நீல வலைகளைக் காயவிட்ட மாதிரி இருந்தது. இன்ஷாப் பீரங்கிகளைத் தட்டிப் பார்த்தார், வாசல் கதவு யானைக்குத் தாங்குமா என்று விசாரித்தார். தங்குகிற இடத்திலும் இதே வேலைதான். குழாயைத் திறந்து பார்க்கிறார், மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார். வாங்க வந்த கொழும்பு மனிதர் எங்கள் லொட்ஜைப் பார்த்தது போல.

கோட்டை வாசல் ஒன்றில் கைகளின் அச்சு வரிசையாக இருந்தது. ராஜா செத்தபோது கூடவே தீயில் இறங்கிய ராணிகளுடையதாம். எல்லாம் சின்னக் கைகள். பக்கத்தில் என் கையைக் கொண்டுபோனேன், ஆனால் வைக்க மனம் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டில் பருப்பு. நேற்றும் பருப்பு. ஒரு துண்டு கருவாடு கிடைத்தால் இந்தக் கோட்டையையே எழுதிக் கொடுப்பேன் என்கிறார் இன்ஷாப்.

நவம்பர் 11 — ஜெய்சல்மேர்

ஜெர்மன்காரி காட்டியது பொய்யில்லை. ரயிலிலிருந்து இறங்கி வருகிறபோது தூரத்தில் தெரிந்தது. வெயில் சாயச் சாயக் கல்லெல்லாம் தேன் நிறமாகிக்கொண்டு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்றேன்.

இந்தக் கோட்டை வெறும் பார்வைக்கு இல்லை. உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. கடை, கோயில், சந்தி, சந்தியில் மாடு. நாங்கள் தங்குவதும் ஒரு குடும்பத்தின் வீட்டில்தான். மேல்மாடியில் மூன்று அறை விருந்தாளிகளுக்கு, கீழே அவர்கள். வீட்டுக்காரி பெயர் கம்லா. என் வயது இருக்கும். வந்தவுடன் என் பையை வாங்கிக்கொண்டாள். அதை வாங்குகிற விதத்திலேயே தொழில்காரி என்று தெரிந்தது.

இன்ஷாப் கம்லாவின் புருஷனோடு மொட்டைமாடியில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. தலைமுறை தலைமுறையாக இந்த வீடுதானாம். எத்தனை பேர் கேட்டும் விற்கவில்லையாம். இன்ஷாப்பின் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்குப் பயமாக இருந்தது. ஏன் பயம்? தெரியவில்லை.

நவம்பர் 12

மணல்மேடுகளுக்குப் போனோம். என் ஒட்டகம் மரியாதைக்காரன். இன்ஷாப்பினுடையது பாதி வழியில் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது, அவர் மணலில் உருண்டார். முழங்கால் நோவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எழும்பிச் சிரித்தார்.

பொழுது சாயும்போது மேட்டில் உட்கார்ந்திருந்தோம். இவ்வளவு மணலைப் பார்த்தால் காது தானாகவே அலைச் சத்தத்தைத் தேடுகிறது. இங்கே காற்று மட்டும்தான். அப்போது அவர் சொன்னார்:

"ஸுஹைரா, நீ சொன்னதுதான் சரி. நாங்க விக்கக் கூடா. இந்தச் சனத்தப் பாரு, மூணே மூணு அறைய வச்சுக்கொண்டு ராசா மாதிரி இருக்கிறாங்க."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் கேட்டதுதானே!

"எனக்கு விக்கணும்" என்றேன். எனக்கே திடுக்கென்றது.

"நீதானே ஏலாண்டு சொன்ன?"

"அப்ப எனக்குத் தெரியா. இந்த ஒரு கிழமையா ஆரோ போட்ட தேத்தண்ணிய இருந்த இடத்தில இருந்து குடிக்கிறன். இப்பதான் தெரியுது."

"எந்த நாளும் விருந்தாளி மாதிரி வாழ ஏலுமா?"

"நீங்க வாழ்ந்தீங்கதானே" என்றேன். "எங்கட லொட்ஜில இவ்வளவு காலமும் நீங்கதான் விருந்தாளி."

அவர் எழும்பி ஒட்டகக்காரர் பக்கம் போய்விட்டார். திரும்பி வரும் வழி முழுக்க ஒட்டகங்கள் மட்டும்தான் சத்தம் போட்டன.

நவம்பர் 13

அவர் தனியாகப் போய்க் கோட்டை மதிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். நான் கம்லாவின் குசினி வாசலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. இரண்டு பேருமே விருந்தாளிகளிடம் பொறுக்கிய இங்கிலீஷ்காரிகள். எத்தனை அறை, யார் சமைக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள், சூட்டுக் காயத் தழும்பு. நானும் என்னுடையதைக் காட்டினேன். அதே இடம். விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு அவள் சொன்னது: "இது என் புருஷனின் ஹோட்டல் என்று ஊரெல்லாம் சொல்கிறது. ஹோட்டல் நான்தான்."

வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த இன்ஷாப் நிமிர்ந்து பார்த்தார்.

நவம்பர் 14

காலையில் பக்கத்தில் ஆள் இல்லை. கீழே போனால், கம்லாவின் குசினித் தரையில் உட்கார்ந்து ரொட்டி உருட்டிக்கொண்டிருக்கிறார்! ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டு வரைபடம். கம்லா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பாகு மாதிரி இனிப்பு. முழுவதையும் குடித்தேன்.

டில்லி ரயிலில், நான் லொட்ஜில் காலையிலிருந்து என்னென்ன செய்கிறேன் என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்கவே நேரம் பிடித்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். பகலில் தென்னை நிழலில் விருந்தாளிகளுக்குப் பாய் விரிக்கிறதும் நீதானா என்று ஒரு தரம் இடையில் கேட்டார். ஓம் என்றேன்.

நவம்பர் 17

வீடு. யூஜீனியா எல்லாவற்றையும் பளிச்சென்று வைத்திருந்தாள். கறியும் சோறும் ஆக்கியிருந்தாள், இன்ஷாப் மீன் தலையை விடவே இல்லை.

கொழும்பு மனிதர் போன் எடுத்தார். இன்ஷாப், "லொட்ஜ் என்ட மனிசிட. அவட்டக் கதைங்க" என்று சொல்லி என்னிடம் நீட்டிவிட்டார்.

யோசிக்க ஒரு கிழமை தாருங்கள் என்றேன்.

நவம்பர் 23

நான்கு அறைகளிலும் ஒவ்வொரு இரவு படுத்துப் பார்த்தேன். விருந்தாளியாக. மூன்றாம் அறையில் விடியும்போது கடலோரக் களப்பு நீரின் ஒளி கூரை ஓட்டில் மினுங்குவது தெரிகிறது. இத்தனை காலத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

விற்கவில்லை. மனிதரிடம் சொல்லிவிட்டேன். இன்ஷாப்பிடமும் யூஜீனியாவிடமும் வேறு சில கதைகள் சொன்னேன். குசினி இனி அவர்கள் இருவரதும். வருமானத்தில் யூஜீனியாவும் பங்காளி. நான் விருந்தாளிகளோடு கதைப்பேன், பூச்செடி வைப்பேன், மனம் வந்தால் ஒரு கறி வைப்பேன். வராவிட்டால் இல்லை.

யூஜீனியா அழுதாள். இன்ஷாப், அப்பத்துக்கு மா எப்போது கரைக்க வேண்டும் என்று கேட்டார்.

ஜூலை 9 — யாப்பகூவ

லொட்ஜ் நிறைய ஆட்கள். காற்று உச்சத்தில். இருந்தாலும் இன்று எனக்கும் யூஜீனியாவுக்கும் விடுமுறை. அவளுடைய மருமகளை இன்ஷாப்புக்குத் துணைக்கு விட்டுவிட்டு விடிய பஸ் ஏறினோம். அந்தக் காலத்து ராஜா ஒருவர் பெரிய பாறையின் அடிவாரத்தில் கட்டிய அரண்மனை. அரண்மனை இப்போது இல்லை. அதற்கு ஏறுகிற கல் படிகள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் முழி பிதுங்கிய சிங்கங்கள். படி ஒவ்வொன்றும் செங்குத்து.

பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது இன்ஷாப் போன் எடுத்தார்.

"இஞ்ச மேச நிறைய ஆள். சம்பலுக்கு எவ்வளவு உப்பு?"

"ருசி பாத்துப் போடுங்க."

"பாத்தன். ஒண்டும் விளங்கல்ல."

"அப்ப இன்னொருக்காப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். யூஜீனியா மேலே சிங்கத்தின் பக்கத்தில் நின்று கையசைத்தாள். படம் எடுக்க வேண்டுமாம். முந்தானையை இறுக்கிக்கொண்டு ஏறினேன்.