கடைசி வயலின் கைப்பிடி

ஏங்க,

பேர் சொல்லி உங்களைக் கூப்பிட்டதே இல்லை, இப்போது மட்டும் புதிதாக என்ன? இந்த ஒரு சொல்லுக்கு உடனே திரும்பிப் பார்ப்பீர்களே, எங்கே இருந்தாலும் கொஞ்சம் திரும்புங்கள். நல்ல சேதி ஒன்றுமில்லை. நம் வயல் இந்த வருஷம் போய்விட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லை, அத்தனையும் பதர்.

ஆற்றில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்ததுங்க. நம் ஊர் நெடுங்காட்டுக்கு வந்தது, நம் வாய்க்காலிலும் ஓடியது. நம் வயல் வரைக்கும்தான் வரவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைமடையில் ஒரு ஷட்டர். அதைச் சுற்றித் திறக்க ஓர் இரும்புக் கைப்பிடி. அந்தக் கைப்பிடி யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமமே. வாய்க்காலில் கடைசி வயல் யாருடையதோ, அவர் வீட்டில். முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் அவர்தான். அவர் வயல் நனைய வேண்டுமானால் நடுவில் உள்ள எல்லா வயலும் ஒழுங்காக இருக்க வேண்டும். அதனால் அவர் யாருக்கும் சலுகை காட்ட முடியாது. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் ஊரே கேட்டது.

கடைசி வயல் நம்முடையது, நீங்கள் சலுகை காட்டவுமில்லையே! என் அண்ணன் முறை தவறி மடையைத் திறந்துவிட்டபோது, சேற்றை அள்ளி நீங்களே அடைத்தீர்கள். "மச்சானுக்குன்னு தனியா ஒரு ஆறா ஓடுது?" என்று எல்லார் எதிரிலும் கேட்டீர்கள். அண்ணன் பொங்கலுக்குக்கூட நம் வாசலை மிதிக்கவில்லை. நான் அழுதேன், உங்களைத் திட்டவும் திட்டினேன். அடுத்த முறையில் அவர் வயலுக்குத் தண்ணீர் குறையாமல் போனது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நீங்கள் போன அன்று கோவிந்தராசு அண்ணன் வந்தார். தலைமடைக்குப் பக்கத்து வயல்காரர், உங்கள் கூட்டாளி. பாடை கட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தார். "துக்க வீட்டைத் தண்ணிக்கு அலைய விடக் கூடாதும்மா. கருமாதி முடியிற வரைக்கும் நான் பாத்துக்குறேன்" என்று கைப்பிடியை எடுத்துப் போனார். பாசத்தில் செய்ததுதான். அன்றைக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

கருமாதி முடிந்தது. கைப்பிடி வரவில்லை.

ஏன் தெரியுமா? தண்ணீர் திறக்கிற அன்று தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, கைப்பிடி வைத்திருப்பவர் முதல் சுற்று சுற்ற வேண்டும். தாலி இல்லாதவள் கையால் தண்ணீர் திறப்பதா? யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. எல்லாருக்கும் தோன்றியது. எனக்கே தோன்றியதுங்க, அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வேன்? ஊரின் ஒரு வழக்கம் இன்னொரு வழக்கத்தின் கழுத்தை நெரித்துவிட்டது.

கோவிந்தராசு அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் ஷட்டர் திறந்ததும் அவர் வயல் முதலில் நிறைகிறது. நிறைந்த பிறகு கீழே போய்ப் பார்க்க அவருக்கு என்ன அவசரம்? அவரைப் பார்த்து நடுவயல்காரர்கள் கரைக்கு அடியில் குழாய் பதித்தார்கள். கீழே இருப்பவர்கள், "வராத தண்ணிக்கு நாங்க ஏன் வாய்க்கா வெட்டணும்?" என்று மண்வெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வெட்டித் தூர் வாரிய வாய்க்காலில் இப்போது காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது. போர் போட்டவர்களும் உண்டு. அதில் வருகிற தண்ணீர் உப்புக் கரிக்கிறது.

பொதுப்பணித்துறை ஆபீசுக்கும் போனேன். அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினான். "இது நீங்களா ஊருக்குள்ள வச்சுக்கிட்ட முறைம்மா. எங்க கிட்ட எந்த ரூலும் இல்லியே" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லையே.

பயிர் கருகிய பிறகு கோவிந்தராசு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "கைப்பிடியைக் குடுங்கண்ணே" என்றேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. "நீ கேக்கவே இல்லியே தங்கச்சி. கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே" என்று ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கேட்டு வாங்குகிற பொருளா அது, நீங்களே சொல்லுங்கள்?

நேரே போய் மேல் வயல் மடைகளை அடைத்துவிட்டு, தலைமடை ஷட்டரைத் திறந்தேன். என் கையாலேயே சுற்றினேன். கரையில் நின்று பார்த்தால், குழாய் வழியாகத் தண்ணீர் பாட்டுக்கு மேல் வயல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கைப்பிடி வந்துவிட்டது. அதற்குக் கட்டுப்படுகிறவர்கள்தான் யாருமில்லை.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கிற நம் பிள்ளை குமார், "வித்துடலாம்மா, மனை போட ஆள் கேக்குறாங்க. யாருக்காக இந்தப் பாடு?" என்கிறான். அந்தச் சேதி பரவியதும் பக்கத்து வயல் செல்லத்துரை ஓடி வந்தான். "அக்கா, வித்துடாதீங்க. நீங்க போயிட்டா நான்தானே கடைசி வயலு!"

எனக்கு வந்ததே கோபம். "உன் குழாயப் புடுங்கிட்டு வந்து இதைச் சொல்லுடா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனான். மறுநாள் போய்ப் பார்த்தேன். குழாய் அப்படியேதான் இருக்கிறது. நான் போனால் அவன் வயல் காயும், அவன் போனால் அதற்கு மேல் வயல். கோவிந்தராசு அண்ணன் வரைக்கும் போய்த்தான் இது நிற்கும். இது ஒருத்தருக்கும் உறைக்கவில்லையேங்க!

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். குமார் கோபித்துக்கொண்டாலும் வரும் வருஷம் வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்து தண்ணீர் திறக்கிற அன்று, வெறும் நெற்றியோடு, தேங்காய் உடைக்கிற இடத்தில் முதல் ஆளாக நிற்பேன். முதல் சுற்று நான்தான் சுற்றுவேன். பிறகு கரையோடு நடந்து ஒவ்வொரு குழாயையும் சேறு வைத்து அடைப்பேன், என் அண்ணன் குழாய் உட்பட. ஆமாங்க, அவரும் பதித்திருக்கிறார். திட்டட்டும், வாசலை மிதிக்காமல் இருக்கட்டும்.

நம் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா என்று மட்டும் கேட்காதீர்கள். அது எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுக்காரி,
இப்போது கடைசி வயல்காரி,
மங்கை