இடுப்பில் செருகிய ஸ்கேல்

டீச்சர்,

இன்று பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது நம் பள்ளிக்கூடத்துத் தலைமை, அந்தப் பெரிய டீச்சர், எதிரே வந்து, "என்ன ஆயா, சௌக்கியமா?" என்று பல்லைக் காட்டினாள். கையிலிருந்த சங்கரா மீனாலேயே அந்த வாயில் அறைந்திருப்பேன். அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்த உங்கள் மர ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், ஞாபகம் கோணாது.

பள்ளிக்கூடத்தைப் பெருக்கி மணி அடிக்கும் எனக்கு நீங்கள் இன்னொரு வேலையும் வைத்திருந்தீர்கள். இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து உங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். நடுவில் போனில் படம் எடுத்து அனுப்பு, ஆன்லைன் பதிவு இன்னும் முடியவில்லையா என்ற அதட்டல் வேறு. மண்டை கொதித்ததும் இந்த ஸ்கேலோடு வாசலுக்கு வந்து கூப்பிடுவீர்கள்: "ஆயா, இத வாங்கிக்கோங்க. இல்லன்னா இன்னிக்கி எவனையாச்சும் அடிச்சிடுவேன்." வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வேன். உங்கள் கோபம் தணிந்த பிறகுதான் திருப்பித் தருவேன்.

அன்றும் கூப்பிட்டீர்கள். அந்த நேரம் பார்த்துப் பெரிய டீச்சர், தன்னைப் பார்க்க வந்தவர்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னாள்.

"டீச்சர் கூப்புடுறாங்கம்மா."

"அது கத்திக்கினே கெடக்கும். நீ போ."

போனேன். திரும்பி வந்தபோது ஒரு பெண்பிள்ளையின் புருவம் பிளந்து ரத்தம் நோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேலைப் பிடித்தபடி நீங்கள் அந்தப் பிள்ளையைவிடச் சத்தமாக அழுதீர்கள்.

மறுநாள் அதன் அப்பன் வகுப்புக்குள் ஏறி வந்து, அத்தனை பிள்ளைகளும் பார்க்க உங்களை அறைந்தான். உதடு கிழிந்தது. பெரிய டீச்சர் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்து அவன் கைமுட்டியில் விளாசினேன். ஸ்கேலின் ஓரம் சிதறியது. அவன் தரையில் உட்கார்ந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. வாயில் ரத்தத்தோடு நீங்கள் கையை நீட்டினீர்கள்.

"குடுங்க ஆயா. போதும்."

கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அதை என்னிடமே தந்து, "இது இனிமே இங்க வேணாம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றீர்கள். அந்த மாதம் முடிவதற்குள், நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோதே தலையில் நரம்பு வெடித்துச் சாய்ந்து, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

அப்பனை விட்டுவிட்டேன், அவன் பிள்ளைக்காக அடித்தான். பெரிய டீச்சரை விடமாட்டேன். உங்கள் குரல் காதில் விழுந்தும் டீக்கடைக்கு நடந்த என் காலையும் விடமாட்டேன்.

நாளைக்கும் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அவளும் வருவாள், சிரிப்பாள். ஸ்கேலை டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் போவேன். நீங்கள் நீட்டிய கை இன்னும் என் முன்னாலேயே நிற்கிறது, டீச்சர். எதைக் கேட்டாலும் அதில் கொடுத்துவிடுவேன், பகையைத் தவிர.