நீ கேட்ட கேள்வியை நான் கேட்கவில்லை

என் சலீம் மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. வேங்கிக்காலில் நாம் இருவரும் தொடங்கிய கம்ப்யூட்டர் கம்பெனி இன்னும் நடக்கிறது. உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. ஆனால் உன் வழக்கம் ஒன்றை விட்டுவிட்டேன்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கம்ப்யூட்டரை அணைப்பாய். ஒரு வெள்ளைத் தாளை நீட்டுவாய். "பௌர்ணமி அன்னிக்கு லாட்ஜ்ல ஒரே ஒரு ரூம்தான் பாக்கி. ரெண்டு பேர் ரெண்டு போன்ல ஒரே நேரத்துல புக் பண்ண அமுக்குறாங்க. யாருக்குக் கிடைக்கும்?" எந்தெந்த மென்பொருள் தெரியும் என்று கேட்கவே மாட்டாய். எனக்கு எரிச்சலாக வரும். "இப்படிக் கேட்டா வந்தவன் ஓடிடுவான் மச்சான்" என்பேன். "டூலை ரெண்டு மாசத்துல கத்துக்குவான்டா. யோசிக்கிறத எங்கேர்ந்து வாங்கித் தர்றது?" என்று சிரிப்பாய்.

நீ போனதும் நான் பயந்துபோனேன். வேலை ஜாஸ்தி, சொல்லித்தர நேரமில்லை. பதினைந்து மென்பொருள்களின் பெயர்களை அச்சடித்து, தெரிந்ததற்கு எதிரே டிக் அடிக்கச் சொன்னேன். பிரபு பதினான்கு அடித்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மேகலா மூன்றுதான்.

அந்தப் பெண் தயங்கியபடி, "வெள்ளைப் பேப்பர் தர்றீங்களா சார்? இங்க பேப்பர்லதான் கேப்பாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

"அதெல்லாம் இப்ப இல்லம்மா" என்று அனுப்பிவிட்டு, பிரபுவை வேலைக்கு எடுத்தேன்.

போன பௌர்ணமி மதியம், நமக்கு முதன்முதலில் வேலை தந்த அந்த லாட்ஜில், ஒரே அறைக்கு ரசீதோடு இரண்டு குடும்பங்கள் நின்றன. ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம், வேறு எங்கும் இடமில்லை. முட்டிவலியோடு வந்த ஒரு பெரியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லாட்ஜ்காரர் போனில் கத்தவில்லை. "சலீம் பாய் இருந்தா இப்டி ஆவுமா சார்?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு என் போனை அவர் எடுப்பதே இல்லை.

அந்த லாட்ஜின் புக்கிங்கைப் புதிதாக எழுதித் தந்த பிரபு முகம் வெளுத்துப்போய் நின்றான். "காலியான்னு பார்த்துட்டுதானே சார் குடுக்குது? நான் தட்டிப் பார்த்தப்போ கரெக்டா வந்துச்சு." அவன் ஒருவன் மட்டும், ஒரு போனில் தட்டிப் பார்த்திருக்கிறான். ஒரே நொடியில் இரண்டு பேர் பார்த்தால் இருவருக்கும் காலி என்றுதான் தெரியும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனை எப்படித் திட்டுவேன்? அதை நான் அவனிடம் கேட்டதே இல்லையே.

நேற்று வெட்கத்தைவிட்டு மேகலாவுக்குப் போன் செய்தேன். ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாளாம். உன் கேள்வியைக் கேட்டேன்.

"பஸ்ல ரெண்டு ஜன்னல் வழியா ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் துண்டு போட்டா சண்டைதான் சார் வரும். ஜன்னலை மூடிட்டு, வாசல்ல ஒருத்தர் ஒருத்தரா ஏத்தணும். ஒருத்தர் பார்த்து, உக்கார்ற வரைக்கும் அடுத்தவரை உள்ள விடக் கூடாது."

"அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"நீங்க கேக்கலியே சார்."

அவள் வருவதாகச் சொல்லவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். வராமல் போனால் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? பிரபுவை என்ன செய்வது? அவன் வீட்டில் வேலைக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான். நீயாக இருந்தால் அனுப்பியிருப்பாயா?

மிச்சமிருக்கும் டிக் தாள்களைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, மச்சான். நாளைக் காலையில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அதில் ஒன்றைத் திருப்பி பிரபு முன்னால் வைப்பேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு நானும் அவன் பக்கத்தில் உட்காருவேன். ஒன்றை மேகலாவுக்கு எடுத்துவைத்திருக்கிறேன். இனி யாரையும் உன் கேள்வியைக் கேட்காமல் திருப்பி அனுப்ப மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் நாற்காலிக்கு எதிர் நாற்காலியிலிருந்து,
உன் மச்சான் குமார்